மிசூரி காட்டுயிர்ப் பாதுகாப்புத் துறை: நூறு டாலருக்குப் பன்னிரண்டரை சென்ட் கொடுத்துப் பெறும் சேவை

பொருளுக்கும் உணவகத்துக்கும் எழுதுவதுபோல் ஓர் அரசுத் துறைக்கும் மதிப்புரை எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. அங்கே மளிகைச் சாமான் முதல் மடிக்கணினி வரை எதை வாங்கினாலும், ஒவ்வொரு 100 டாலருக்கும் 12.5 சென்ட் விற்பனை வரியாக அந்த மாநிலத்தின் காட்டுயிர்ப் பாதுகாப்புத் துறைக்குப் போய்ச் சேருகிறது. வாழ்நாளில் ஒரு தூண்டிலைக்கூடத் தொடாதவரும் அதன் வாடிக்கையாளர்தான். காசு கொடுப்பவருக்குச் சரக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன்களையும் விலங்குகளையும் அவற்றின் வாழிடங்களையும் காக்கும் வேலையில் நான் அறிந்த அரசு அமைப்புகளுள் இது முன்வரிசையில் வைக்கத்தக்கது. அங்கிருப்பவர்கள் மற்ற மாநிலத்தவரைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் இந்தச் சிறப்பு வந்துவிடவில்லை. பணம் வரும் வழியும் முடிவெடுக்கும் அதிகாரமும் தேர்தல் காற்றுக்கு எளிதில் அசையாதபடி அமைக்கப்பட்டிருப்பதே இதற்கு அடிப்படை. அதே அமைப்பின் கையால் சில பிழைகளும் நேர்ந்திருக்கின்றன. அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

1930-களில் மிசூரியின் காடுகளும் ஆறுகளும் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்ட நிலையில் இருந்தன. 1925-இல் எடுத்த மதிப்பீட்டின்படி மாநிலம் முழுவதிலும் எஞ்சியிருந்த வெண்வால் மான்கள் 400-க்கும் குறைவு. வேட்டை விதிகளை வகுக்கும் பதவிகள் ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்கப்பட்டு வந்ததால், ஆட்சி மாறினால் ஆட்களும் மாறினர், விதிகளும் மாறின. இதில் வெறுப்படைந்த வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் கையெழுத்து திரட்டி, 1936 நவம்பரில் மாநில அரசமைப்புச் சட்டத்தையே மக்கள் வாக்கெடுப்பின் மூலம் திருத்தினர். பறவை, மீன், விலங்கு, காடு ஆகியவற்றின் மீதான அதிகாரம் சட்டமன்றத்தின் அன்றாடப் பிடியிலிருந்து விலகி, நான்கு பேர் கொண்ட ஓர் ஆணையத்துக்குச் சென்றது. உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனட் ஒப்புதல் தருகிறது. ஆறு ஆண்டுப் பதவிக்காலம், சம்பளம் கிடையாது, ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. துறையின் இயக்குநரை அமர்த்துவது இந்த ஆணையமே. 1937 ஜூலையில் அது வேலையைத் தொடங்கியது.

இந்த ஏற்பாடு ஏட்டுச் சுரைக்காயா என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழக்கு வந்தது. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும், மருந்தே இல்லாத நாள்பட்ட உடல்மெலிவு நோய் 2010-இல் மிசூரியின் வேலியிடப்பட்ட மான் வளர்ப்பிடம் ஒன்றிலும், 2012-இல் காட்டு மான்களிலும் கண்டறியப்பட்டது. வெளி மாநிலங்களிலிருந்து வளர்ப்பு மான்களைக் கொண்டுவருவதை ஆணையம் தடை செய்தது, வேலிகளுக்கும் கடுமையான விதிகளை வகுத்தது. வளர்ப்பு மான்களைக் கால்நடை என்று அறிவித்து அவற்றை ஆணையத்தின் கையிலிருந்து விலக்கிவிட 2014-இல் சட்டமன்றம் முயன்றது. ஆளுநர் அதைத் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். பிறகு வளர்ப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். வேலிக்குள் இருந்தாலும் மான் காட்டுயிரே, அதன்மீது விதி வகுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. 1936-இல் எழுதப்பட்ட சில வரிகள் 82 ஆண்டுகளுக்குப் பிறகும் வலுக் குன்றாமல் இருந்தன என்பதையே நான் இந்தத் துறையின் முதல் தகுதியாகக் கருதுகிறேன். நோய் ஒழிந்துவிடவில்லை, பல மாவட்டங்களுக்குப் பரவியிருக்கிறது. ஆனாலும் வேட்டையாடிய மானின் மாதிரியைத் துறை கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறது என்பதையும், நோய் பரவிய மாவட்டங்களில் குறிப்பிட்ட நாட்களில் மாதிரி கொடுப்பது கட்டாயம் என்பதையும் பயனாளர் அறிந்திருக்க வேண்டும்.

அதிகாரம் கிடைத்து நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் நிலையான பணம் கிடைத்தது. அமெரிக்க மாநிலங்களின் இத்தகைய துறைகள் பெரும்பாலும் இரண்டு ஊற்றுகளை நம்பியிருக்கின்றன. ஒன்று, வேட்டை மற்றும் மீன்பிடி உரிமங்களின் விற்பனை. மற்றொன்று, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது 1937-இலும், மீன்பிடிக் கருவிகளின் மீது 1950-இலும் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டங்களின்படி வந்துசேரும் வரிப்பணம். இந்த வரிப்பணம் மாநிலத்தின் பரப்பையும் உரிமம் வாங்குவோர் எண்ணிக்கையையும் வைத்துப் பங்கிடப்படுகிறது. ஆக, எந்த உயிரினத்தை மக்கள் சுடவோ பிடிக்கவோ விரும்புகிறார்களோ அதற்கே பணம் வரும். தவளைக்கும் மெல்லுடலிகளுக்கும் யார் உரிமம் வாங்குவார்கள்? மிசூரி இதற்கு மாற்று தேடியது. குளிர்பானப் புட்டிகளுக்கு வரி விதிக்கும் கோரிக்கை 1972-இல் மனு வாசகத்தில் இருக்க வேண்டிய ஒரு சட்டத்தொடர் விடுபட்டதால் செல்லாமல் போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1976-இல், எட்டில் ஒரு பங்கு சதவீத விற்பனை வரிக்கு மக்கள் நூலிழைப் பெரும்பான்மையில் ஒப்புதல் தந்தார்கள். காலாவதித் தேதி இல்லாத அந்த வரியே இன்றைக்குத் துறையின் வருவாயில் பாதிக்கும் மேல்.

இந்த அமைப்பால் என்ன வந்தது என்று பார்த்தால், மானும் வான்கோழியும் எவரும் மறுக்க முடியாத வெற்றிகள். மான் வேட்டையைச் சில ஆண்டுகள் முழுவதுமாக நிறுத்திவைத்து 1944-இல் மீண்டும் அனுமதித்தார்கள். இன்று மாநிலத்தில் மான்கள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. சாலையில் காரோடு மோதும் அளவுக்கு அவை பெருகிவிட்டதால் வேட்டையே இப்போது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கருவியாகிவிட்டது. காட்டு வான்கோழி 1950-களின் தொடக்கத்தில் 2,500-க்கும் கீழே போயிருந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்ட பறவைகள் பிழைக்கவில்லை என்று கண்டுகொண்ட துறை, காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து, அவை அற்றுப்போன இடங்களுக்குக் கொண்டுபோய் விடும் முறைக்கு மாறியது. இந்தப் பணி 1954-இல் தொடங்கி 1979 வரை கால் நூற்றாண்டு நடந்தது. இதன் பெரும்பகுதி விற்பனை வரி வருவதற்கு முன்பே நடந்தது.

நீர்நாய் விஷயத்தில் என் மதிப்பெண் சற்றுக் குறைகிறது. 1982 முதல் 1992 வரை, பெரும்பாலும் லூசியானாவிலிருந்து பெறப்பட்ட 845 நீர்நாய்கள் மிசூரி ஆறுகளில் விடப்பட்டன. அவை எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகின. ஓசார்க் மலைப்பகுதியின் சிறு ஆறுகளில் மீன்பிடிப்பவர்களும் மீன் குளம் வைத்திருப்பவர்களும் தங்கள் மீன்களை இவை தின்றுவிடுகின்றன என்று கொதித்தெழுந்தனர். 1996-இல் துறை நீர்நாய்களைப் பொறிவைத்துப் பிடிக்கும் பருவத்தை அறிவித்தது. காப்பாற்றிக் கொண்டுவந்த விலங்கையே பிடித்துக் கொல்ல அனுமதிப்பதா என்று மறுபக்கத்தினரும் கோபித்தனர். உயிரியல் நோக்கில் திட்டம் வெற்றி பெற்றது. ஆனால் அந்த வெற்றி யாருடைய குளத்தில் போய் முடியும் என்பதை ஊர் மக்களிடம் முன்னரே பேசியிருக்கலாம்.

மீன் பிரிவில் என்னை அதிகம் கவர்ந்தது துடுப்புமூக்கு மீன். துடுப்பைப் போல நீண்ட மூக்கும் எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பும் கொண்ட இந்தத் தொன்மையான மீன், ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலேறிச் சரளைக்கல் படுகைகளில் முட்டையிடும். ஒசேஜ் ஆற்றின் குறுக்கே 1931-இல் கட்டி முடித்த பேக்னல் அணையும், 1970-களின் இறுதியில் எழுந்த ட்ரூமன் அணையும் அந்தப் படுகைகளுக்குப் போகும் வழியை மறித்தன, படுகைகளையும் மூழ்கடித்தன. அணையை இடிக்க முடியாது, மீனுக்கு வேறு இடமும் இல்லை. எனவே துறை ஒவ்வோர் இளவேனிலிலும் தாய்மீன்களைப் பிடித்து, ‘பிளைண்ட் போனி’ மீன்குஞ்சு பொரிப்பகத்தில் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஏறக்குறைய ஓரடி நீளத்துக்கு வளர்த்து, ட்ரூமன், ஓசார்க்ஸ், டேபிள் ராக் ஆகிய நீர்த்தேக்கங்களில் விடுகிறது. பிடிக்கத்தக்க அளவை அவை எட்ட ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். இன்று ஏரியில் பெரிய துடுப்புமூக்கு மீனைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்பவர், பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊழியர் வாளியில் சுமந்த குஞ்சைத்தான் பிடித்திருக்கிறார்.

இதன் முட்டையை உப்பிட்டு ‘கேவியர்’ என்று உயர்ந்த விலைக்கு விற்க முடியும் என்பதால் திருட்டும் உண்டு. வார்சா என்ற சிற்றூரைச் சுற்றி மாநிலக் காவலர்களும் கூட்டாட்சி அதிகாரிகளும் மாறுவேடத்தில் நடத்திய புலனாய்வின் முடிவில், 2013 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை எடுத்தனர். இந்தத் துறையின் களக்காவலர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் உண்டு. ஏரிக்கரையில் உரிமத்தைக் கேட்டால் அதை ஒரு சம்பிரதாயம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, ட்ரௌட் மீன் வளர்ப்பைக் காட்டுயிர்ப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வானவில் ட்ரௌட் மிசூரிக்கு உரிய மீனே அன்று. 1882-இல் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. பென்னெட், மொண்டாக், ரோரிங் ரிவர், மாரமெக் ஆகிய நான்கு ஊற்றுப் பூங்காக்களில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை பருவம். பருவம் முழுவதும் துறை தன் பொரிப்பகங்களில் வளர்த்த ட்ரௌட்டை ஓடையில் விட்டுக்கொண்டே இருக்கிறது, உரிமத்துடன் நாள் சீட்டும் வாங்கியவர்கள் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். மார்ச் முதல் நாள் விடியலில் கரையில் தோளோடு தோள் உரச நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இதை ஒரு திருவிழா என்றே சொல்லத் தோன்றும். பொழுதுபோக்கு என்ற அளவில் இது சிறப்பான சேவை. இயற்கை வாழிடத்தோடு இதற்குள்ள தொடர்பு மிக மெல்லியது. இந்தப் பூங்காக்களுள் மூன்று, மாநிலப் பூங்கா அமைப்பின் நிர்வாகத்தில் இருப்பவை, நான்காவது ஒரு தனியார் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. தங்குமிடம் பற்றிய புகாரை இந்தத் துறையிடம் கொண்டுபோவதில் பயனில்லை.

பணத்தின் தன்மை எந்த உயிரினத்தை வாழவைக்கிறது என்பதைக் காண ஹெல்பெண்டரைப் பார்க்க வேண்டும். இரண்டடி வரை வளரும், தட்டைத் தலையும் சுருக்கங்கள் விழுந்த தோலும் கொண்ட இந்த நீர்வாழ் சாலமாண்டரை உண்பாரும் இல்லை, வேட்டையாடுவாரும் இல்லை. தோல் வழியாகவே மூச்சுவிடுவதால் ஆற்றில் வண்டல் படிந்தாலோ நீர் கெட்டாலோ முதலில் பாதிக்கப்படுவது இதுதான். மிசூரியில் இதன் எண்ணிக்கை சில பத்தாண்டுகளில் எழுபது சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, 2011-இல் ஓசார்க் ஹெல்பெண்டர் கூட்டாட்சி அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு, செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவும் இந்தத் துறையும் சேர்ந்து அமைத்த செயற்கை ஓடைகளில் அது முதன்முறையாகக் கூண்டுக்குள் இனப்பெருக்கம் செய்தது. அதன்பின் வளர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கானவை ஆறுகளில் விடப்பட்டிருக்கின்றன. உரிமப் பணத்தால் மட்டும் இது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. விற்பனை வரிக்கு ஆதரவாக ஒரே ஒரு சான்று காட்டச் சொன்னால் நான் மானைக் காட்ட மாட்டேன், இந்த அழகற்ற பிராணியையே காட்டுவேன்.

வாழிடங்களைப் பொறுத்தவரை துறையின் கைகள் ஓரளவுக்குக் கட்டப்பட்டிருக்கின்றன. மிசூரியின் நிலத்தில் 93 சதவீதம் தனியாருடையது. ஏறக்குறைய பத்து லட்சம் ஏக்கரைத் துறை நேரடியாகப் பராமரித்தாலும், மீதியில் நடப்பதை நில உரிமையாளர்களே தீர்மானிக்கிறார்கள். ஒரு காலத்தில் 1.5 கோடி ஏக்கர் விரிந்திருந்த உயர்புல் வெளியில் இன்று ஒரு சதவீதம்கூட இல்லை. எஞ்சிய துண்டுகளில் மரங்கள் ஏறிவிடாமல் இருக்கத் திட்டமிட்டுத் தீமூட்டுகிறார்கள். தீயை எதிரியாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியச் சற்று நேரமாகும். ஆனால் எரிந்த நிலத்தில் சில வாரங்களில் தலைதூக்கும் இயல்தாவரங்களைப் பார்த்தவர்கள் பிறகு கேள்வி கேட்பதில்லை. இவ்வளவு செய்தும் புல்வெளிக் கோழி மீளவில்லை. கான்சஸிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விட்டும் எண்ணிக்கை விரலால் எண்ணும் நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. துண்டு துண்டான நிலத்தில் அகன்ற வெளிக்குரிய பறவையை நிலைநிறுத்த எந்த வரியும் போதாது. மாறாக, மிசூரியின் கொலம்பியா நகரத்தின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கொண்டு நிரப்பப்படும் ஈகிள் பிளஃப்ஸ் சதுப்புநிலம், இடமும் நீரும் கைவசம் இருந்தால் இத்துறையால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று. குளிர்காலத்தில் வாத்துகளும் வெண்தலைக் கழுகுகளும் வந்து குவியும் அந்த இடத்தைப் பறவை ஆர்வலர்கள் தவறவிடக் கூடாது.

இனி ஒரு பழைய கறை. லிக்கிங் என்ற ஊரின் அருகே துறைக்கு ஒரு நாற்றங்கால் இருக்கிறது. ஓக், பெக்கான், காட்டுப் பிளம் போன்ற இயல்மரங்களின் நாற்றுகளை மாநிலத்தவருக்கு மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், இலையுதிர்காலத்தில் பதிவு செய்தால் இளவேனிலில் கிடைக்கும். நாற்றுகள் தரமானவை, வேர் நன்றாக இருக்கும். ஆனால் இதே துறைதான் இருபதாம் நூற்றாண்டின் நடுவில், மண்ணரிப்பைத் தடுக்கும், உயிர்வேலியாகும், பறவைக்குப் புகலிடமாகும் என்று சொல்லி, ஆசியாவிலிருந்து வந்த பன்மலர் ரோஜாவை உழவர்களுக்குப் பரிந்துரைத்தது. அந்தச் செடி வேலியோடு நிற்கவில்லை. மேய்ச்சல் நிலங்களையும் காட்டோரங்களையும் முள்புதராக்கியது, இன்று சட்டப்படி ஒழிக்கப்பட வேண்டிய களைகளுள் ஒன்று. அதைப் பரப்பியதைத் துறை மறைக்கவில்லை, தன் வெளியீடுகளிலேயே ஒப்புக்கொள்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த வேலைக்கும் அறிவியல் பூர்வமான வேலைக்கும் உள்ள இடைவெளியை அந்த முள்புதர்களை வெட்டிக்கொண்டிருக்கும் உழவர்கள் நன்றாக அறிவார்கள்.

காட்டுப்பன்றி விஷயத்தில் துறை எடுத்த நிலைப்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குச் சரியென்றே படுகிறது. நிலத்தைக் கிளறிப் பயிரையும் பறவைக் கூடுகளையும் நாசமாக்கும் இந்த அயல் விலங்கை, துறையின் நிலங்களில் வேட்டையாடுவதை 2016-இல் தடை செய்தார்கள். கேட்பதற்கு முரணாக இருக்கும். ஒன்றிரண்டைச் சுட்டால் கூட்டம் சிதறிப் புதிய இடங்களுக்குப் பரவுகிறது. தவிர, வேட்டைக்கு வாய்ப்பிருந்தால் சிலர் பன்றிகளைக் கொண்டுவந்து திருட்டுத்தனமாக அவிழ்த்துவிடவும் செய்கிறார்கள். கூட்டம் முழுவதையும் ஒரே பொறியில் அடைப்பது மெதுவான வேலை என்றாலும் அதுவே பயன் தருகிறது.

சாதாரணப் பயனாளர் நேரடியாகத் தொட்டுணரும் சேவைகளுக்கு வருவோம். கர்க்வுடில் உள்ள பவுடர் வேலி, ஜெஃபர்சன் சிட்டியின் ரன்ஜ், புளூ ஸ்பிரிங்ஸின் பர் ஓக் வுட்ஸ் ஆகிய இயற்கை மையங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காட்சித் தொட்டிகளில் உள்ளூர் மீன்களைப் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாக நடைபாதையில் இறங்கிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இவை. மாநிலத்தில் வசிக்கும் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு பிரதி இலவசமாக வரும் மாத இதழ் 1938 முதல் வெளியாகிறது. அதன் புகைப்படங்களுக்காகவே சேர்த்து வைப்பவர்கள் உண்டு. மீன்பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இலவச வகுப்புகளும், சில நூலகங்கள் வழியாகத் தூண்டில் இரவலும் கிடைக்கின்றன. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், மாநிலவாசிகளுள் அறுபத்தைந்து வயது நிரம்பியவர்களுக்கும் மீன்பிடி உரிமம் தேவையில்லை. ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியில் உரிமமே இல்லாமல் எவரும் தூண்டில் போடலாம், ஆனால் அளவு வரம்பும் எண்ணிக்கை வரம்பும் அன்றும் செல்லுபடியாகும்.

2011 முதல் 2013 வரை கென்டக்கியிலிருந்து கொண்டுவரப்பட்ட எல்க் மான்களைக் காண விரும்புபவர்கள் தென்கிழக்கு மிசூரியின் பெக் ராஞ்ச் பகுதிக்குப் போகலாம். காரில் இருந்தபடியே பார்க்கத்தக்க சரளைச் சாலை இருக்கிறது, கட்டணமில்லை. பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலுமே அவை வெளியே வரும். செப்டம்பர் இறுதியில் ஆண் மான்கள் கூவும் பருவம் மிகச் சிறந்தது. கைப்பேசித் தொடர்பை நம்பிப் போக வேண்டாம், வரைபடத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. வேட்டைப் பருவத்தில் சில நாட்கள் அந்தச் சாலையை மூடிவிடுகிறார்கள் என்பதால் கிளம்புமுன் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். துறையின் பெரும்பாலான நிலங்கள் நடைபயில்வோருக்கும் வேட்டைக்காரர்களுக்கும் பொதுவானவை. நவம்பரில் துப்பாக்கி வேட்டை நடக்கும் வாரங்களில் வெறும் நடைக்காகப் போனாலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கியும் தொப்பியும் அணிந்துகொண்டு போங்கள்.